உறைந்த பூட்டும் குளிரின் மேல் விழும் பழியும்

கார்க் கதவின் பூட்டு குளிர்காலத்தில் உறைந்துபோக இரண்டு சேர வேண்டும். ஒன்று, பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய உலோகம். மற்றொன்று, அந்த உலோகத்தின் இடுக்கில் தங்கிய நீர். முதலாவதை எவராலும் தடுக்க முடியாது, இரண்டாவதைத் தடுக்கலாம். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வட ஐரோப்பாவிலும் இதற்கென்று புழங்கும் கைவைத்தியம் பெரும்பாலும் முதலாவதோடுதான் மல்லுக்கு நிற்கிறது. சாவியை லைட்டரில் காய்ச்சு, வெந்நீர் ஊற்று, சாவித்துளையில் வாய் வைத்து ஊது, ஹேர் டிரையரை இழுத்து வா என்று எல்லாமே வெப்பத்தைத் தேடி ஓடுகின்றன. பூட்டைக் கெடுப்பது குளிர், அதனால் சூடு காட்டினால் சரியாகும் என்ற எண்ணம் இவற்றுக்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. அதை நம்பியவர்களின் சாவிகள் ஒடிகின்றன, கைப்பிடிகள் பெயர்கின்றன, கண்ணாடிகள் வெடிக்கின்றன. இரவு வேலை முடிந்து −15 டிகிரியில் வண்டியை நோக்கி வருகிறவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். கைக்குழந்தையோடு நிற்கிறவருக்கு அது வெறும் தொல்லையாக முடிவதில்லை.

பூட்டின் உட்புறத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெரும்பாலான கார்ப் பூட்டுகளில் ஓர் உருளையும் அதனுள் வரிசையாக அடுக்கிய மெல்லிய பித்தளைத் தகடுகளும் இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சின்னஞ்சிறு சுருள்வில் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழையும்போது தகடுகள் யாவும் உருளைக்குள் அடங்கி ஒரே மட்டத்துக்கு வரும். அப்போது உருளை திரும்பும். தகடு நகர்வதற்காக விடப்பட்டிருக்கும் இடைவெளி மயிரிழை அளவே. வில்லின் வலிமையும் விரல் நுனியால் அழுத்திவிடக்கூடியதுதான். அதே சமயம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்ட பனிக்கட்டியைப் பெயர்க்கச் சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். ஒரு சொட்டு நீர் அந்த இடுக்கில் கட்டியாகிவிட்டால் வில் அதை வெல்ல வழியே இல்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது என்பதால், தகடு இரு பக்கமும் நெருக்கப்பட்டு இன்னும் இறுகுகிறது.

அந்த ஒரு சொட்டு ஏன் தானாக வடிந்துவிடுவதில்லை? இடைவெளி அவ்வளவு குறுகலாக இருப்பதுதான் காரணம். 0.1 மில்லிமீட்டர் பிளவில் நீரின் பரப்பிழுவிசை அதன் எடையை எளிதாகத் தாங்கிவிடும். மேலிருந்து வழிந்து வந்த நீர் அங்கே தங்கும். கீழிருக்கும் ஈரமும் மேலே ஏறும். வெயில் காய்ந்து வண்டியின் மேற்பரப்பு உலர்ந்த பிறகும் உருளைக்குள் ஈரம் நாள்கணக்கில் கிடக்கலாம். சாவித்துளையின் வாயில் சிறு மூடித்தகடு ஒன்று உண்டு. அதன் வில் தளர்ந்த பழைய வண்டிகளில் ஒவ்வொரு மழையும் நேரே உள்ளே போகிறது.

குளிரே குற்றவாளி என்றால், குளிர் மிகுந்த ஊரில்தான் பூட்டுகள் அதிகம் சிக்க வேண்டும். காற்றின் இயல்பு வேறு கதை சொல்கிறது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்தில் அது ஏறத்தாழ 5 கிராம். −20 டிகிரியில் ஒரு கிராம் அளவுதான். கனடாவின் வினிபெக் நகரில் ஜனவரி மாதச் சராசரி −16 டிகிரியை ஒட்டியது. அங்கே விழும் பனி பெரும்பாலும் பொடிப் பனி. துடைப்பத்தால் தள்ளினால் மணல்போல உதிரும், உருகாது, துளைக்குள் வழியாது. டொராண்டோவின் ஜனவரி அப்படியில்லை. பகலில் பூஜ்யத்தைத் தொட்டும் தாண்டியும் போய், இரவில் மறுபடி இறங்குகிறது. மத்தியானம் கூரையில் இருந்த பனி உருகிக் கண்ணாடி வழியே கதவுக்குள் வழியும், விடிவதற்குள் கட்டியாகும். அடுத்த நாளும் அதேதான். பூட்டுக்குள் நீரை இறக்கி, பிறகு உறைய வைக்கும் இந்த ஏற்ற இறக்கம், அசையாத கடுங்குளிரைவிட ஆபத்தானது.

கிழக்குக் கனடாவின் இரண்டு பெரும் உறைமழைகள் இதற்குச் சான்று. 1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்டாரியோவையும் மூடிய உறைமழையும், 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் டொராண்டோவைத் தாக்கிய உறைமழையும் கடுங்குளிரில் வந்தவையல்ல. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நின்றபோது, விழுந்த இடத்திலேயே உறையும் மழைத்துளிகளாக அவை பெய்தன. மின்கம்பிகள் அறுந்தன, மரங்கள் முறிந்தன, வெளியே நின்ற கார்கள் கதவும் கைப்பிடியும் தெரியாத அளவுக்குப் பனிக்கட்டிக்குள் அடைபட்டன. கனடியக் குளிர்காலத்தின் கணக்கில் அவை மிதமான நாள்கள்.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு கேள்வி உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. −30 டிகிரியில் துளி நீரும் இல்லாத பூட்டுகூடச் சில வேளை திரும்ப மறுக்கிறது. அப்படியானால் குளிருக்குப் பங்கு இல்லையா? பங்கு உண்டு. பூட்டுக்குள் யாரோ எப்போதோ விட்ட தையல் மெஷின் எண்ணெயோ, பழைய கிரீஸோ அந்தக் குளிரில் களிபோலத் தடித்துவிடுகிறது. வில்லால் தகட்டைத் தள்ள முடிவதில்லை. ஆனால் இதுவும் உறைதல் அல்ல. தவறான மசகு போட்டதன் விளைவு. குளிர்காலம் வருமுன் பூட்டைக் கழுவிச் சரியான மசகு இட்டிருந்தால் நேராதது. உறைந்த காலையில் காட்டும் சூடு இங்கேயும் அந்த ஒரு காலைக்குத்தான் உதவும். பழைய எண்ணெய் உள்ளேயே இருக்கும்.

வெப்ப வைத்தியங்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சாவியின் உலோகப் பகுதி 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதை லைட்டரில் 100 டிகிரி உயர்த்தும்போது அதில் சேரும் வெப்பம் 400 ஜூலுக்கும் குறைவு. பூட்டின் உருளையும் கூடும் துத்தநாகக் கலவையால் ஆனவை. அவை 150 கிராம் இருந்து, −15 டிகிரியில் குளிர்ந்து கிடந்தால், பூஜ்யத்துக்குக் கொண்டுவர மட்டுமே 870 ஜூல் பக்கம் வேண்டும். அதன் பிறகு ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க இன்னும் 334 ஜூல். பூட்டைச் சுற்றியுள்ள கதவுத் தகடு இதற்கிடையே வெப்பத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு முறை காய்ச்சிய சாவியால் இந்தக் கடன் அடையாது. நாலைந்து முறை காய்ச்சிச் செருகினால் சில வேளை திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் திறந்த பின் உள்ளே இருப்பது என்ன? பனிக்கட்டியாக இருந்த அதே நீர், அதே இடத்தில், மாலைக் குளிருக்குக் காத்திருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. கனடாவில் 2007 செப்டம்பர் முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கட்டாயம். உரிய சாவி இல்லாமல் இன்ஜின் உயிர்பெறாது. பல வண்டிகளில் அதற்கான சில்லு சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள்தான் இருக்கிறது. தீயில் காட்டிய சாவி கதவைத் திறந்து, இன்ஜினைக் கிளப்ப மறுத்தால் அந்த உழைப்புக்குப் பயனில்லை. சூட்டோடு சேர்த்துப் பலத்தையும் காட்டினால் சாவி பூட்டுக்குள்ளேயே ஒடியும். அதன் பிறகு பூட்டுக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வெந்நீர் இதைவிடக் கெடுதல். பிழையின் முழு உருவமும் இந்த வைத்தியத்தில் தெரிகிறது: நீரால் வந்த நோய்க்கு நீரையே மருந்தாக ஊற்றுவது. ஒரு லிட்டர் வெந்நீரில் பெரும்பகுதி கதவின் மேல் வழிந்து ஓடிவிடும். மீதி கதவின் உட்புறத்துக்குள் இறங்கி, கதவைப் பிடித்துவைக்கும் லாட்ச் மீதும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியின் மீதும், கீழ் விளிம்பின் வடிகால் துளைகளிலும் தங்கும். காலையில் ஒரு பூட்டு மட்டும் உறைந்திருந்த கதவு, இரவில் முழுக் கதவாக உறையும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பதப்படுத்தப்பட்டவை. −20 டிகிரியில் இருக்கும் கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் கொதிநீர் பட்டால், ஏற்கெனவே சிறு கீறல் உள்ள இடத்திலிருந்து முழுதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடக்கூடும். காலடியில் தேங்கிய நீர் வழுக்குப் பனியாகி, வயதானவர்கள் விழுந்து எலும்பு முறிவதற்கும் இடமாகிறது.

வாயால் ஊதுவது சாதுவாகத் தோன்றும். மூச்சுக்காற்று உடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கனமீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் நீராவி உள்ள காற்று அது. அதைக் குளிர்ந்த பித்தளை மீது ஊதினால் ஈரம் அங்கேயே படிந்து உறையும். உதடு உலோகத்தில் ஒட்டித் தோல் உரிவதும் உண்டு. குழந்தைகள் பார்த்துப் பழகக்கூடாத வழக்கம் இது.

சூடேற்றிய கராஜில் வண்டியை விட்டால் இந்தத் தொல்லையே இராது என்ற நம்பிக்கை வசதியுள்ள வீடுகளில் பரவலாக உண்டு. மேலோட்டமாகச் சரி, ஆழ்ந்து பார்த்தால் பாதிதான் சரி. பனி சுமந்த வண்டி கராஜுக்குள் நுழைகிறது. வெளிக்குளிரில் ஊறிய உலோகத்தின் மேல் கராஜின் ஈரக்காற்று, குளிர்நீர் ஊற்றிய செம்பு வியர்ப்பதுபோல, நீராகப் படிகிறது. கூரைப் பனி உருகிக் கதவு இடுக்குகளில் இறங்குகிறது. இரவு முழுதும் நின்று உலர்ந்துவிட்டால் நல்லது. ஆனால் இரண்டு மணி நேரம் நின்று, ஈரம் சொட்டச் சொட்ட மறுபடி −15 டிகிரிக்கு வெளியேறும் வண்டியின் பூட்டு, நாள் முழுதும் வெளியிலேயே நின்ற அடுத்த வீட்டு வண்டியின் பூட்டைவிட எளிதில் உறையும். தொலைவிலிருந்தே இன்ஜினைக் கிளப்பி வண்டியைச் சூடாக்கும் வசதியிலும் இதே சிக்கல் இருக்கிறது. உட்புறம் சூடானதும் கண்ணாடிப் பனி உருகிக் கதவுக்குள் வழியும். ஐந்து நிமிடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டால் அந்த நீர் கதவுக்குள்ளேயே உறையும்.

வண்டிக்குள் இருக்கும் ஈரத்தையும் மறந்துவிடக் கூடாது. காலணியில் ஒட்டி வந்த பனி மிதியடியில் உருகித் தேங்கும். நான்கு பேர் மூச்சு விடுவார்கள். அந்த நீராவி கதவின் குளிர்ந்த உட்பாகங்களைத் தேடிப் போய்ப் படியும். வெளியே மழையே பெய்யாத வாரத்திலும் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருப்பதும், பூட்டு சிக்குவதும் இதனால்தான். மிதியடி நீரைக் கொட்டுவதும், காற்றை உள்ளேயே சுழலவிடாமல் வெளிக்காற்றை எடுப்பதும், ஏசியை ஹீட்டரோடு சேர்த்து ஓட்டி ஈரத்தைப் பிழிவதும் கண்ணாடிக்கு மட்டுமல்ல, பூட்டுக்கும் நன்மை.

இனி ஸ்பிரே டப்பாக்கள். நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் டபிள்யூடி-40 இவற்றில் பெயர் பெற்றது. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பை ஈரமும் துருவும் அண்டாமல் காக்க 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது அது. நீரை விலக்குவதில் அதற்கு உண்மையான திறமை உண்டு. ஈரமான பூட்டைக் கழுவி எடுக்க அதைப் பயன்படுத்துவதில் பிழையில்லை. ஆனால் அதையே மசகாக எண்ணி விட்டுவிடுவதுதான் பிழை. அதில் உள்ள கரைப்பான் ஆவியான பின் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிஞ்சும். அது சாலைத் தூசியையும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பின் மாவுபோன்ற பொடியையும் பிடித்துவைத்து, சில மாதங்களில் பிசுபிசுப்பான அழுக்காகும். அந்த அழுக்கு ஈரத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு முறை சிக்கும்போதும் மேலே மேலே அடிப்பதால் பூட்டின் ஆயுள் குறைகிறதே தவிர, நோய் தீர்வதில்லை.

கிராஃபைட் தூளைப் பரிந்துரைப்பவர்கள் பலர், அனுபவமுள்ள பூட்டுக்காரர்கள் உட்பட. உலர்ந்த தூள், தூசி ஒட்டாது, குளிரில் தடிக்காது என்பவை அதன் உண்மையான சிறப்புகள். வீட்டு வாசற்கதவுப் பூட்டுக்கு அது பொருந்தும். உப்புக் கரைசலில் நனையும் கார்ப் பூட்டுக்குப் பொருந்தாது. கிராஃபைட் நீரை விலக்காது; நனைந்தால் கட்டிபடும்; ஏற்கெனவே எண்ணெய் உள்ள பூட்டில் தூவினால் கருஞ்சேறாகும். இதைவிடப் பெரிய குறை, அது மின்சாரத்தைக் கடத்தும் கரி. துத்தநாகம், அலுமினியம் போன்ற உலோகங்களோடு உப்புநீரில் சேரும்போது அவற்றின் அரிப்பைத் தூண்டும். பாறை உப்பு தூவும் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, உலர்ந்த படலமாகப் படியும் டெஃப்லான் வகை மசகோ சிலிக்கோன் மசகோ மேலானது. அவை குளிரில் தடிப்பதில்லை, நீரோடு ஒட்டுவதில்லை, உலோகத்தை அரிப்பதும் இல்லை.

கோவிட் காலத்துக்குப் பின் எல்லாப் பைகளிலும் கிடக்கும் சானிடைசரைச் சாவியில் தடவச் சொல்வது இப்போது பரவியிருக்கும் வைத்தியம். அதிலுள்ள ஆல்கஹால் பனிக்கட்டியைக் கரைக்கும் என்பது மெய். ஆனால் அதில் நீரும், கிளிசரினும், கெட்டியாக்கும் பசையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆல்கஹால் முதலில் பறந்துவிட, மற்றவை தகடுகளுக்கிடையே தங்கும். பூட்டுக்கென்று விற்கும் ஆல்கஹால் திரவம் இந்த அவசரத்துக்கு ஏற்றது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் −89 டிகிரி வரை உறையாது. பனிக்கட்டியோடு கலந்து அதன் உறைநிலையை இறக்கி உருகச் செய்யும். உறைந்த காலையில் செய்யத் தகுந்தது இது ஒன்றே. ஆனாலும் அது பூட்டிலிருந்த மசகையும் கழுவிவிடுகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அன்றே மசகு இடாத பூட்டு அடுத்த ஈரத்துக்கு முன்பைவிட வெறுமையாக நிற்கும். அந்தக் குப்பியை வண்டியின் டாஷ்போர்டுக்குள் வைக்கச் சொல்லும் அறிவுரையும் ஏராளம். பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் மருந்தால் யாருக்கும் உதவியில்லை. கோட்டுப் பையிலோ வீட்டிலோ இருக்க வேண்டியது அது.

இத்தனைக்கும் பிறகு, ரிமோட் வந்த காலத்தில் இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய பொதுக்கருத்து இதுதான். இதுதான் மிகவும் ஆபத்தானதும்கூட. ரிமோட் பொத்தான் சாவித்துளையை மட்டுமே தாண்டிப் போகிறது. கதவைப் பிடித்துவைத்திருக்கும் லாட்ச் அப்படியே இருக்கிறது. அதன் நெம்புகோல்களும் வில்களும் கம்பியிழையும் நனைந்தால் உறையும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் உறையும். புதிய மின்வண்டிகளில் கதவோடு சமமாகப் படிந்திருக்கும் கைப்பிடிகளைச் சுற்றி ஒரு மெல்லிய பனிக்கட்டி மூடினாலே வெளியே எடுக்க முடிவதில்லை. சார்ஜ் ஏற்றும் துளையின் மூடியும் அப்படியே.

இதற்கு மேல் பேட்டரி இருக்கிறது. குளிரில் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியின் திறன் வெகுவாகக் குறையும். பழைய பேட்டரி முதலில் கைவிடுவது ஆண்டின் மிகக் குளிரான காலையில்தான். பேட்டரி செத்த வண்டியில் ரிமோட்டால் பயனில்லை. அப்போது மிஞ்சும் ஒரே வழி, ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில், பல வண்டிகளில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், ஒளிந்திருக்கும் சாவித்துளை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சிறு சாவி அதற்குரியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தச் சாவியை ஒரு முறைகூட அந்தத் துளையில் போட்டுப் பார்க்காதவர்கள் பலர். அப்படியொரு துளை இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மசகு காணாமல், உப்பும் ஈரமும் மட்டும் கண்ட பூட்டு அது. தினமும் சாவி போட்டுத் திறந்த பழைய காரின் பூட்டு தேய்ந்தாலும் உயிரோடு இருந்தது. இன்றைய காரில் ஒரே அவசர வழியாக இருக்கும் பூட்டு கவனிப்பாரின்றித் துருப்பிடிக்கிறது. ரிமோட் வந்ததால் பராமரிப்பு தேவையில்லை என்ற முடிவுக்கு நேர் எதிரான முடிவைத்தான் இந்த நிலைமை கேட்கிறது.

லாட்ச் உறைவது அற்ப விஷயமல்ல என்பதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் 2017 அக்டோபர் அறிவிப்பு சான்று. எஃப்-150, சூப்பர் டியூட்டி டிரக்குகளில் ஏறத்தாழ 13 லட்சம் வண்டிகளை அந்நிறுவனம் வட அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. லாட்ச் உறைந்தோ, அதை இயக்கும் கம்பியிழை மடங்கியோ போனால் கதவு திறக்காமலோ மூடாமலோ போகலாம். மூடியதுபோலத் தோன்றிய கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளவும் கூடும் என்பது காரணம். அதற்கு நிறுவனம் செய்த பரிகாரத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். லாட்சுக்குச் சூடேற்றும் கருவி பொருத்தவில்லை. லாட்சின் மேல் நீர் படாதபடி மறைப்புகளைப் பொருத்தியது. கம்பியிழைகளைச் சோதித்துச் சரிசெய்தது. பதின்மூன்று லட்சம் வண்டிகளுக்குப் பொறியாளர்கள் கண்ட வழி, நீரைத் தடுப்பது.

பின்லாந்தின் பூட்டுத் தொழிலிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஹெல்சின்கியைச் சேர்ந்த எமில் ஹென்ரிக்சன் 1907இல் வடிவமைத்த சுழல்வட்டுப் பூட்டு, பின்னாளில் அப்லோய் என்ற பெயரில் பரவியது. அதில் தகட்டைத் தள்ளும் சுருள்வில்லே இல்லை. சாவியைத் திருப்பும் கையின் விசையே வட்டுகளை நேராகச் சுழற்றுகிறது. ஒரு துளி ஈரம் உறைந்தால் பலவீனமான வில் தோற்கும். கையின் விசை அவ்வளவு எளிதில் தோற்காது. குளிரையும் அழுக்கையும் தாங்கும் பூட்டு என்று அது பெயரெடுத்ததற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம். குளிரோடு சண்டை போடும் பூட்டல்ல அது; ஈரம் முதலில் கைவைக்கும் உறுப்பே அதில் இல்லை.

ரப்பர் பீடிங்கைப் பற்றியும் தவறான பழக்கம் ஒன்று நிலைத்திருக்கிறது: வேசலினையோ, சமையல் எண்ணெயையோ, கைக்குக் கிடைத்த ஸ்பிரேயையோ தடவுவது. கார்க் கதவுகளின் பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் குளிரையும் நன்றாகத் தாங்கும் அது, பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது; ஊதிப் பருத்து மென்மையாகிவிடும். வேசலினும் பெட்ரோலியப் பொருள்தான். சமையல் எண்ணெய் நாளடைவில் கெட்டுப் பிசினாகும். சிலிக்கோன் அல்லது கிளிசரின் பூச்சே ஏற்றது. அதற்கு முன் பீடிங்கைச் சோப்புநீரால் கழுவி, முற்றிலும் உலர்த்த வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே அடைத்துவைத்ததாகும்.

செய்ய வேண்டியவை எல்லாம் பனி விழுமுன் ஒரு முற்பகலில் முடியக்கூடியவை. எல்லாச் சாவித்துளைகளையும், டிக்கி உட்பட, ஆல்கஹாலால் கழுவி, அழுத்தக் காற்றால் ஊதி, சாவியைப் பலமுறை செருகித் திருப்பி, அதில் ஒட்டி வரும் அழுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாவி சுத்தமாக வெளியே வந்த பிறகு மசகு. மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். மசகு அதிகமானால் பலன் அதிகம் என்பதில்லை. லாட்சின் பழைய கிரீஸைத் துடைத்து, கடுங்குளிருக்கு ஏற்ற கிரீஸ் இடுவது அடுத்தது. கதவின் கீழ் விளிம்பிலுள்ள வடிகால் துளைகளை ஒரு மெல்லிய குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். இலைத்தூளும் சேறும் அடைத்திருந்தால் கதவே நீர்த்தொட்டியாகிவிடும். இதைப் பலரும் செய்வதில்லை. லாட்ச் நனைவதற்கு இது பெரிய காரணம். சாவித்துளை மூடியின் வில் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் வண்டியைக் கழுவக் கூடாது என்ற பேச்சும் தவறுதான். உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும். கழுவாமல் விட்டால் பூட்டும் தப்பாது. பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் நாளைத் தேர்ந்து, கழுவிய உடனே எல்லாக் கதவுகளையும் திறந்து விளிம்புகளைத் துடைத்து, பூட்டைச் சில முறை திறந்து மூடி, ஹீட்டரோடு ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தினால் போதும். உறைமழை வருமென்று வானிலை அறிவிப்பு சொன்னால் சாவித்துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைப்பதும், கூரைக்கடியில் நிறுத்த முடிந்தால் நிறுத்துவதும் நல்லது. ஜனவரியில் ஒரு முறை பனி உருகி மறுபடி உறைந்தால், பூட்டுக்கு மீண்டும் மசகு வேண்டும்.

அப்படியும் சிக்கினால் கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல், முதலில் மற்றக் கதவுகளைப் பார்க்க வேண்டும். காற்றுக்கு மறைவான பக்கத்துக் கதவு பெரும்பாலும் திறக்கும். பீடிங் மட்டும் ஒட்டியிருந்தால் கதவின் விளிம்பை உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்தினால் பனிக்கட்டி நொறுங்கும். பூட்டே உறைந்திருந்தால் ஆல்கஹால், பொறுமை, அன்று மாலை மசகு.

1983க்குப் பிறகு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலும் அதை ஒட்டிய மார்க்கம் நகரிலும் பெருந்தொகையாகக் குடியேறிய ஈழத்தமிழர்கள் பனியே அறியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள். அடுக்குமாடிகளின் திறந்த வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டு, விடிகாலைப் பணிக்கு ஓடிய முதல் தலைமுறைக்கு, அக்கம்பக்கத்தார் சொன்ன வெந்நீரும் லைட்டரும்தான் கையில் கிடைத்தன. அவர்களின் பிள்ளைகள் இன்று ரிமோட் வண்டி ஓட்டுகிறார்கள். புதிதாக வந்து இறங்கும் மாணவர்களும் தொழிலாளர்களும் அதே பழைய வைத்தியங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. அக்டோபர் முடிவதற்குள் ரிமோட்டைத் திறந்து உள்ளிருக்கும் சிறு சாவியை எடுங்கள். அதற்குரிய துளையைத் தேடிக் கண்டுபிடித்து, கழுவி, மசகிட்டு, ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பனிக்காலம் முழுதும் மாதம் ஒரு தடவை அதைச் செய்யுங்கள்.